குடத்தில் விட்ட இடம்

பள்ளிக்கூடத்தில் ஓவிய வகுப்பில் சேரப் போகிறவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் மூன்று வாரத்துக்கு ஓவியம் என்ற ஒன்று கண்ணிலேயே படாது. கோடுதான். படுத்த கோடு, நின்ற கோடு, சாய்ந்த கோடு. அப்புறம் வட்டம். நாம் போடுவது வட்டமே இல்லை என்று புரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆகிவிடும். கலர்ப் பெட்டி, பிரஷ் என்று கனவு கண்டுகொண்டு போனால் என்னை மாதிரிதான் ஏமாந்து நிற்பீர்கள். 1967-இல் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது எனக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன், அது வேறு விஷயம்.

எங்கள் ஊர் காரைக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் நடுவே இருக்கிறது. பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று உண்டு. அதில் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் தையலா ஓவியமா என்று ஒன்றைச் சொல்லிச் சேர வேண்டும். ஓவியம் அந்த வருஷம்தான் வந்தது. அதுவரைக்கும் எல்லாருக்கும் தையல்தான். எட்டாம் வகுப்பில் நான் ஒரு கைக்குட்டைக்கு ஓரம் தைத்தேன். மணி அடித்ததும் எழுந்தேன், கைக்குட்டையும் கூடவே எழுந்து வந்தது. பாவாடையோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன். தையல் டீச்சர் என்னை அப்படியே நிற்க வைத்து, ஐந்து வகுப்புப் பிள்ளைகளையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாளை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

ஆக, ஓவியத்தின் மேல் எனக்கிருந்த ஆசையில் பாதி, தையல் மேல் இருந்த வெறுப்பு. மீதிப் பாதி நிஜமான ஆசை. எங்கள் வீட்டுக் கொல்லைச் சுவரில் அடுப்புக்கரியால் நான் வரையாத வீடு கிடையாது, தேர் கிடையாது. அம்மா வருஷத்துக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடிப்பாள். எனக்கு அது புதுத் தாள் வாங்கித் தந்த மாதிரி.

அடுப்புக்கரிக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். என் அத்தா சம்சுதீன், பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர். சந்தைக்குப் போகும் வழியில் ஒரு கொட்டகை, தரையில் குழி அடுப்பு, துருத்தி. ஊரில் எந்த வீட்டு அண்டாவுக்கு எந்த இடத்தில் நெளிசல் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். இன்னொன்று, வெள்ளிக்கிழமை தருகிறேன் என்று சொன்ன பாத்திரத்தை வெள்ளிக்கிழமையே தந்துவிடுவார். அவர் தொழிலில் அப்படி இன்னொரு மனிதரை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

ஓவியத்தில் சேரப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவர் துருத்தியை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"சேரு. வேணாங்கல. ஆனா உசுரு உள்ளது எதையும் வரையக் கூடாது. மனுசன், மாடு, குருவி, எதுவும் கூடாது. படைக்கிறது படைச்சவன் வேலை. நமக்கு எதுக்கு அது?"

"சரி அத்தா."

"சரின்னா?"

"வரைய மாட்டேன் அத்தா. சத்தியமா, அல்லா மேல..."

"ஏய், நிறுத்து. சத்தியமெல்லாம் எதுக்கு? வார்த்தை போதும். வார்த்தை தவறுனேன்னு தெரிஞ்சுச்சு, மறுநா தையலுக்குப் போயிரணும்."

அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கும் அது ஒன்றும் பெரிய கஷ்டமாகப் படவில்லை. வீடும் தேரும் வரைகிறவளுக்குக் குருவி எதற்கு? வார்த்தை கொடுத்துவிட்டு, துள்ளிக்கொண்டு போய்ப் பேர் கொடுத்தேன்.

ஓவிய டீச்சர் பெயர் நாகவல்லி. தஞ்சாவூர்ப் பக்கம். இருபத்துநாலு வயதுதான் இருக்கும், இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இதுதான் முதல் வேலை. எங்கள் ஊர்ப் புழுதி ஒத்துக்கொள்ளாமல் எந்நேரமும் ஜலதோஷம். ஒரு வாக்கியம் சொன்னால் நடுவில் ஒரு தும்மல் கட்டாயம் உண்டு. முதல் நாளே சட்டம் போட்டார்.

"கண்ணுக்குத் தெரியறதை மட்டும் வரையணும். இருக்கறதை விடக் கூடாது. இல்லாததைச் சேர்க்கக் கூடாது." தும்மினார். "முப்பத்துநாலு பேர் வந்திருக்கீங்க. எனக்கு இருபது பேருக்குத்தான் பலகை இருக்கு. ஒரு மாசம் கழிச்சு ஒரு படம் வைப்பேன். தேறாதவங்க தையலுக்குப் போயிடணும்."

இந்தப் பக்கம் அத்தா, அந்தப் பக்கம் டீச்சர். எந்தப் பக்கம் வழுக்கினாலும் கீழே ஊசியோடு தையல் டீச்சர் உட்கார்ந்திருக்கிறார்.

கோடு போடும் வாரங்களில் டீச்சருக்குத்தான் அதிகக் கஷ்டம். எங்கள் ஊரில் கோலம் போட்டுப் பழகிய பெண் எவளும் புள்ளி வைக்காமல் கோடு இழுத்ததில்லை. என் பக்கத்தில் உட்காரும் முத்தழகு, வட்டம் போடு என்று டீச்சர் சொன்னதுமே எழுந்துவிட்டாள்.

"எத்தனை புள்ளி டீச்சர்?"

"என்ன புள்ளி?"

"வட்டத்துக்கு, எத்தனைக்கு எத்தனை?"

டீச்சருக்கு விளங்கவில்லை. முத்தழகு நோட்டைத் தரையில் வைத்து, நின்றபடி இடுப்பை வளைத்துக் குனிந்து, பன்னிரண்டு புள்ளி வைத்து, சுற்றி ஒரே இழுப்பில் இணைத்தாள். வகுப்பிலேயே சரியான வட்டம் அதுதான். ஆனால் டீச்சர் ரப்பரை எடுத்துப் புள்ளியை எல்லாம் அழித்தார். முத்தழகுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"புள்ளி இல்லாட்டி கோடு எங்குட்டுப் போகும்னு அதுக்கு எப்பிடித் தெரியும்?" என்று என்னிடம் மூக்கைச் சிந்தினாள். நியாயமான கேள்விதான்.

நாலாவது வாரம் டீச்சர் கரும்பலகையில் ஒரு படம் மாட்டினார். மாங்காய், அதைக் கொத்தித் தின்கிற கிளி. அப்படியே பார்த்துப் போட வேண்டும். நான் மாங்காயைப் போட்டேன். காம்பு, இலை, கிளி கொத்திய பள்ளம் எல்லாம் போட்டேன். கிளி வருகிற இடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன்.

"கிளி எங்க?"

"இப்பத்தான் பறந்து போச்சு டீச்சர்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. அத்தா சொன்னதை அவரிடம் சொல்லியிருக்கலாம், காரணத்தைக் கேட்டால் விட்டிருப்பார். ஆனால் எனக்கு ஒரு வீம்பு. நான் கொடுத்த வார்த்தைக்கு நான் எதற்கு ஊரெல்லாம் சலுகை கேட்க வேண்டும்? பத்துக்கு நாலு போட்டு, இன்னொரு தடவை எதையாவது விட்டால் வகுப்பை விட்டே போக வேண்டியதுதான் என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமைதான் அந்தத் தீர்மானப் படம். "எல்லாரும் வீட்டிலிருந்து ஒரு பாத்திரம் கொண்டு வாங்க. அதைப் பார்த்து வரையணும்" என்றார். எனக்கு உயிர் வந்தது. பாத்திரத்துக்கு ஏது உசுரு? கையும் இல்லை, காலும் இல்லை. அத்தாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

அத்தாவுக்கு என்னைவிடச் சந்தோஷம். "எதைக் கொண்டு போகப் போற?" என்றார்.

"அம்மா கஞ்சி காய்ச்சுற சட்டி போதும் அத்தா."

"ஈயம் பூசுறவன் மக மண்சட்டியையா தூக்கிட்டுப் போவா? நாலு வீட்டு ஏனம் பாத்திரம் அங்க வந்து நிக்கும். என் வீட்டு ஏனம் மங்கலாக் கெடந்தா, மறுநா எவன் எங்கிட்ட வருவான்?"

அம்மாவின் கல்யாணத்துக்கு வந்த பித்தளைக் குடத்தைப் பரணிலிருந்து இறக்கினார். கழுத்தில் ஆபிதா என்று அம்மாவின் பேர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். பிற்பகல் அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தவர், பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் தேய்த்தார். முதலில் புளி, அப்புறம் செங்கல் பொடி, அப்புறம் சாம்பல், கடைசியில் பழைய கைலித் துணி.

"போதும் அத்தா, படத்துக்குத்தானே."

"படத்துக்குன்னா மட்டமா இருக்கலாமா? சும்மா இரு" என்று இன்னொரு சுற்றுத் தேய்த்தார். இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம் இந்த இன்னொரு சுற்றுதான்.

வியாழக்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலுக்கு வந்த நாகவல்லி டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். இரண்டு மாட்டு வண்டி நிற்கிறது. வண்டி நிறையப் பாத்திரம். ஆள் உட்கார்ந்து குளிக்கிற மாதிரி அண்டா, இரண்டு பேர் பிடித்து இறக்குகிற தவலை, ஐந்தடி உயரக் குத்துவிளக்கு, அடுக்கு அடுக்காகத் தூக்கு, தாம்பாளம். முத்தழகு தன் வீட்டு அண்டாவோடு அதன் மூடியையும் கொண்டு வந்து, தனித்தனிப் பாத்திரம் என்று சாதித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு சொம்பு, ஒரு டம்ளர் கொண்டுவரத்தானே சொன்னேன்?" என்றார் டீச்சர்.

"ஒத்தச் சொம்பை எப்பிடி டீச்சர் கொண்டாறது? பாக்குறவுக, அந்த வீட்டுல வேற என்னமும் இல்லைனு நினைச்சுக்க மாட்டாகளா?" என்றாள் முத்தழகு.

அதுதான் எங்கள் ஊர். வீட்டு வாசலைத் தாண்டி ஒரு பாத்திரம் வெளியே போகிறது என்றால் அது வீட்டின் மானத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போகிறது. தஞ்சாவூர்க்காரருக்கு அது எப்படித் தெரியும்?

பெஞ்சையெல்லாம் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் பாத்திரங்களை வைத்தோம். வைக்கச் சொன்னதும் எங்கள் கை தானாகவே ஒரு வரிசையில்தான் வைத்தது. பெரியது பின்னால், சின்னது முன்னால், பேர் வெட்டிய பக்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி. யாரும் சொல்லித் தரவில்லை. பிறந்ததிலிருந்து கல்யாண வீடுகளில் பார்த்த பழக்கம். அவரவர் பாத்திரத்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தோம். இரண்டு பீரியடு நேரம்.

நான் என் குடத்தைப் பார்த்தேன். குடத்துக்குள்ளிருந்து நான் என்னைப் பார்த்தேன்.

அல்லாவே! என் மூஞ்சி அப்படியே நடு வயிற்றில் இருந்தது. மூக்கு முன்னால் வந்து பெரிதாக உட்கார்ந்திருக்க, காது இரண்டும் தூரத்தில் எங்கோ ஓடிப்போயிருந்தன. ஆனால் நான்தான். கண் சிமிட்டினால் அதுவும் சிமிட்டியது. அதைவிட உசுருள்ளது வேறு என்ன இருக்க முடியும்?

குடத்தைத் திருப்பி வைத்தேன். திரும்பிய பக்கத்திலும் நான் இருந்தேன். தள்ளி உட்கார்ந்தேன், கூடவே தள்ளி வந்தேன். முத்தழகின் முதுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால் குடத்தில் முத்தழகு வந்தாள், அவளுக்கும் உசுரு இருந்தது. உள்ளங்கையால் தேய்த்து மங்க வைக்கலாம் என்று பார்த்தேன். அத்தா தேய்த்த தேய்ப்புக்கு என் கைதான் மஞ்சளானது. தாவணி முனையைக் குடத்தின் மேல் போட்டேன். "துணியை எடு" என்று டீச்சர் அங்கிருந்தே சத்தம் போட்டார்.

அத்தா மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. உசுருள்ளதை வரையாதே என்று சொல்வாராம், உசுர் தெரிகிற மாதிரி தேய்த்தும் கொடுப்பாராம். எந்த ஊர் நியாயம் இது? அப்புறம் டீச்சர் மேல் வந்தது. இருக்கிறதை விடக் கூடாதாம். பாத்திரத்தில் ஆள் இருக்கும் என்று முன்னாலேயே சொல்ல வேண்டாமா?

கால் மணி நேரம் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வரைய ஆரம்பித்தேன். குடத்தின் கழுத்து, வாய், அம்மாவின் பேர். வயிற்றில் தெரிந்த எல்லாவற்றையும் ஒன்று விடாமல் போட்டேன். சன்னல் கம்பிகள் வளைந்து நிற்பது, உத்தரம் வில்லாகத் தொங்குவது, பக்கத்து அண்டாக்கள் வரிசையாகச் சாய்ந்து சுருங்கிப் போவது, எல்லாம். இருட்டாக இருந்த இடத்தைப் பென்சிலைப் படுக்க வைத்துக் கறுப்பாக்கினேன். என் மூஞ்சி வருகிற இடம் மட்டும் வந்ததும், அதைச் சுற்றிப் போனேன். உள்ளே போகவில்லை. கடைசியில் குடத்தின் நடுவில் கோழிமுட்டை அளவுக்குத் தாள் வெள்ளையாகவே நின்றது.

வார்த்தையைக் காப்பாற்றிவிட்டேன். ஓவியம் போய்விட்டது. அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. கிளியை விட்டவள் இன்றைக்குத் தன்னையே விட்டுவிட்டாள், டீச்சர் சும்மா விடுவாரா? ஊசியில் நூல் கோக்கிற ஞாபகம் வந்து விரலெல்லாம் வலித்தது.

தாளை எல்லாம் வாங்கி டீச்சர் சுவரில் குண்டூசி குத்தி மாட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் சலசலவென்று சத்தம். முதலில் நாலு பேர், அப்புறம் பத்துப் பேர், அப்புறம் எண்ண முடியவில்லை. உள்ளே வந்தவர்கள் எல்லாரும் பட்டுச்சேலை கட்டிய பெண்கள். முன்னால் வந்தது பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டுச் சிட்டாள் ஆச்சி. காலையிலிருந்து வண்டி வண்டியாகச் சாமான் இறங்கியதைத் தன் வாசலில் நின்று பார்த்தவர்.

எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் சாமான் பரப்புவது என்று ஒன்று உண்டு. பெண்ணுக்குக் கொடுக்கிற பாத்திரங்களை எல்லாம் வீட்டில் வரிசையாகப் பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து பார்க்கும். பார்ப்பது என்றால் சும்மா இல்லை. தூக்கிக் கனம் பார்ப்பார்கள், விரலால் சுண்டிச் சத்தம் கேட்பார்கள், கவிழ்த்து வைத்துப் பேர் படிப்பார்கள். வந்தவர்கள் அத்தனையையும் எங்கள் வகுப்பில் செய்யத் தொடங்கினார்கள். டீச்சர் என்ன நினைத்தாரோ, படம் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று பூரித்துப் போனார்.

"வாங்க, வாங்க. எல்லாம் பிள்ளைங்க உழைப்பு. இன்னும் நிறைய இருக்கு, இது ஆரம்பம்தான்."

"இன்னமும் வருதா!" என்று ஆச்சி மோவாயில் கை வைத்தார். "நல்லா இரு தாயி. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

டீச்சர் தும்மினார். "யாருக்கு மாப்பிள்ளை?"

"இதென்ன கூத்தா இருக்கு, ஒனக்குத்தான். மாப்பிள்ளை இல்லாமலா இம்புட்டுச் சாமானைப் பரப்பிருக்கீக?"

டீச்சரின் முகம் குங்குமமாகிவிட்டது. முத்தழகுதான் நடுவில் புகுந்து விளக்கினாள், கல்யாணம் இல்லை, பாத்திரத்தைப் பார்த்துப் படம் போட்டோம் என்று. ஆச்சிக்குச் சமாதானம் ஆகவில்லை.

"அதான் ஏனம் எதுத்தாப்லயே இருக்கே. அதை எதுக்குத் தாள்ல வேற போடணும்?"

மாப்பிள்ளைப் பேச்சு மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயத்தில் டீச்சர், "படத்தையும் பாருங்க" என்று எல்லாரையும் சுவர்ப் பக்கம் திருப்பினார். அவர்கள் படத்தையும் பாத்திரத்தைப் பார்க்கிற மாதிரியேதான் பார்த்தார்கள். இது யார் வீட்டு அண்டா, இதில் விளிம்பு ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது, இது என்ன பித்தளையா மண்ணா என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள். முத்தழகின் படத்தில் புள்ளியெல்லாம் அழியாமல் இருந்ததைப் பார்த்து, இது மட்டும் கோலம் மாதிரி அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்தது என்னுடையது.

"இங்குட்டுப் பாருங்கடி" என்றார் ஆச்சி. "இந்தக் குடத்தை மட்டும்தான் புளி போட்டுத் தேச்சிருக்காக."

எல்லாரும் வந்து நின்றார்கள். டீச்சரும் வந்தார். மாட்டும்போது அவர் சரியாகப் பார்த்திருக்கவில்லை போலிருக்கிறது. இப்போதுதான் பார்த்தார். கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, நெருங்கிப் போனார், தள்ளி வந்தார்.

"பளபளப்பைப் பென்சிலால போட முடியாது. தாளை வெள்ளையா விட்டுத்தான் காட்டணும். இதை நான் அடுத்த வருஷம் சொல்லிக்கொடுக்கலாம்னு இருந்தேன். ராபியா, உனக்கு யார் சொன்னா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். தள்ளி நின்று பார்த்தால், முப்பத்துநாலு படத்திலும் என் குடம்தான் மின்னியது. நான் வராத இடம் வெயில் பட்ட மாதிரி பளீரென்று இருந்தது. யாரும் எதையும் விட்டதாக நினைக்கவில்லை. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஓவியத்திலேயே இருக்கலாம், தையல் டீச்சர் மூஞ்சியில் இனி விழிக்க வேண்டாம். வாயை நன்றாக மூடிக்கொண்டேன்.

"டீச்சர், நான் ஒண்ணு சொல்லலாமா?"

அத்தா! வாசல்படிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அவர் கைபட்ட ஏனம் அத்தனையும் பள்ளிக்கூடத்தில் கிடக்கிறது என்று யாரோ போய்ச் சொல்ல, எதுவும் நசுங்கிவிடக் கூடாதே என்று துருத்தியைப் போட்டது போட்டபடி ஓடி வந்திருக்கிறார். கையெல்லாம் கரி. பெண்கள் பள்ளிக்கூடம் என்பதால் உள்ளே வராமல் அங்கிருந்தே படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் குடத்தைத் தேச்சவன் நான்தான் டீச்சர். சன்னலு அங்குட்டு இருக்கு, வெளிச்சம் இடப்பக்கம் கழுத்துக்குக் கீழதான் விழுகும். அதை இவ சின்னதாப் போட்டிருக்கா, சரியாத்தான் இருக்கு. நடு வயித்துல இருக்குற பெரிய வெள்ளை, வெளிச்சம் கெடையாது. அங்க மூஞ்சி விழுகும். எந்தக் குடத்தைத் தேச்சாலும் நான் என் மூஞ்சியைப் பாக்குற இடம் அது." என்னைப் பார்த்தார். "ராபியா, ஒன் மூஞ்சி எங்கம்மா?"

போச்சு. ஊரில் எத்தனையோ தகப்பன்கள் இருக்கிறார்கள், பிள்ளையின் படத்தைப் பார்த்தால் நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு வாய்த்தவருக்குக் குடத்தில் எந்த இடத்தில் எது விழும் என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது.

"இருந்துச்சு அத்தா. நான்தான் விட்டுட்டேன். ஒங்ககிட்ட வார்த்தை குடுத்தேன்ல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பயத்தில் இல்லை, ஆத்திரத்தில். "நீங்க எதுக்கு அம்புட்டுத் தேச்சீக?"

அத்தா படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"என்ன வார்த்தை?" என்றார் டீச்சர். முத்தழகு சொன்னாள். நான் யாரிடமும் சொல்லாததை அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன், அவள் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். கிளி உட்பட.

டீச்சர் என்னிடம் வந்தார். "இருக்கறதை விடக் கூடாதுன்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீக டீச்சர்."

"உன் டிராயிங் நோட்டை எடு."

அதில்தான் சிவப்பு மையில் எழுதியிருந்தது. எடுத்துக் கொடுத்தேன். மாங்காய்ப் பக்கத்தைத் திருப்பினார். அப்புறம் பேனாவைத் திறந்து, நாலை அடித்துவிட்டு எட்டு போட்டார். கீழே இருந்த எச்சரிக்கையையும் அடித்தார்.

"கிளி நிஜமாவே பறந்துதான் போயிருக்கு. எனக்குத்தான் தெரியலை" என்றார். அப்புறம் மூன்று தும்மல் சேர்ந்தாற்போல் வந்தது. அது தும்மல் மட்டும்தானா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம் உண்டு.

இருபது பேரில் நான் இருந்தேன். முத்தழகு தையலுக்குப் போனாள். அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. துணியில் பூப்போடுவதற்குப் புள்ளி வைத்துத்தான் ஆரம்பிப்பார்கள் என்று போன அன்றைக்கே தெரிந்துகொண்டு, அந்த வருஷம் முதல் பரிசும் வாங்கிவிட்டாள். நாகவல்லி டீச்சருக்குச் சிட்டாள் ஆச்சி மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கினார், பரப்பிய சாமான் வீணாகப் போகக் கூடாது என்று.

குடத்துப் படத்தை அத்தா கேட்டு வாங்கிக்கொண்டு போய், தன் கொட்டகையில் துருத்திக்கு மேலே மாட்டினார். பாத்திரம் கொண்டு வருகிறவர்கள் யார் போட்டது என்று கேட்பார்கள். கேட்காதவர்களுக்கும் அவரே சொல்லுவார். "எம் மக போட்டது. அவளும் இதுல இருக்கா. எங்கன்னு தெரியுதா?" என்பார். அவர்கள் முழிப்பார்கள். உடனே எழுந்து போய், வெள்ளையாக விட்ட இடத்தில் ஆள்காட்டி விரலை வைத்து, "இந்தா, இங்க இருக்கா" என்பார். ஒரு நாளைக்கு ஐந்து பேரிடமாவது இதைச் சொல்லுவார், கரிக் கையைத் துடைக்காமலே.

அடுத்த வருஷம் ரமலானுக்குக் கொட்டகையைத் துப்புரவு பண்ணப் போனபோது படத்தை இறக்கிப் பார்த்தேன். வெள்ளை இருந்த இடத்தில் வெள்ளையே இல்லை. அத்தாவின் விரல் மேல் விரலாகப் பட்டுப்பட்டு, அந்த முட்டை வடிவத்துக்குள் கறுப்பாக, நடுவில் அழுத்தமாக, ஓரத்தில் லேசாக ஒரு மூஞ்சி வந்து உட்கார்ந்திருந்தது. உசுருள்ளதை வரையாதே என்று சொன்ன மனிதர், பென்சிலைத் தொடாமலே என்னை வரைந்து முடித்திருந்தார். அம்மாவிடம் காட்டினேன். வெளிச்சத்துக்குப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீதான்" என்றாள். "மூக்கு மட்டும் கொஞ்சம் பெருசு."